வாக்குவாதத்தை நடத்தத் தெரிய வேண்டும்

சாரணர் முகாம் என்றதும் கூடாரம், கயிறு, மூங்கில், இரவுத் தீமூட்டம் ஆகியவையே நம் நினைவுக்கு வரும். அந்த முகாமுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஏதோ ஒரு பள்ளியின் கூட்ட அறையில் பத்துப் பதினைந்து பெரியவர்கள் கூடியிருப்பார்கள் என்பது மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ஆசிரியர்கள், பழைய சாரணர்கள், பெற்றோர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் அங்கு வருவார்கள். இந்த வேலைக்கு யாருக்கும் சம்பளம் இல்லை. பெட்ரோல் செலவுகூட அவரவர் கையிலிருந்துதான். சனிக்கிழமை ஓய்வைத் துறந்து வரும் இந்தத் தொண்டர்கள், முகாமின் உணவுப் பட்டியல் முதல் சாரணர் உறுதிமொழி வரை எல்லாவற்றைப் பற்றியும் வாதிடுவார்கள். சில வேளைகளில் அந்த வாதம் சண்டையாகிவிடும்.

இத்தகைய வாக்குவாதங்களை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. "சாரணர்கள் அனைவரும் சகோதரர்கள், நமக்குள் சண்டை எதற்கு?" என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், என்னால் அதனை ஏற்க முடியவில்லை. வாதமே எழாத ஒரு தொண்டர் குழுவில் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டிருக்கிறார். இல்லாவிட்டால், மற்றவர்களுக்கு அக்கறை போய்விட்டது. வாதம் வரட்டும். அதனை நடத்திச் செல்லத் தெரிந்த நெறியாளர் ஒருவர் நடுவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையை நான் ஒருமுறை மிக மோசமாகச் செய்தேன்.

அன்று கூட்டத்திற்கு நான்தான் தலைவர். ஆண்டிறுதி முகாமுக்கு மாணவர்கள் கைப்பேசி கொண்டு வரலாமா, கூடாதா என்பதே கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாரணர் படை ஒன்றை நடத்திவந்த பெரியவர் ஒருவர், "கூடவே கூடாது" என்றார். கையில் கைப்பேசி இருந்தால் பையன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டான் என்றார். கூடாரத்தில் உடை மாற்றும்போது எவனாவது படம் பிடித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். அவருக்கு எதிரே அமர்ந்திருந்த இளம் ஆசிரியர் மறுத்தார். மழைக்காலத்தில் ஆற்றோரம் முகாமிடுகிறோம். திடீரென நீர் உயர்ந்தால் பிரிந்து நிற்கும் அணிகளைத் தொடர்புகொள்ள வேண்டும். கைப்பேசி இல்லாவிட்டால் சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவே மாட்டார்கள் என்றார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முதல் பத்து நிமிடம் பேச்சு கைப்பேசியைப் பற்றியே இருந்தது. பிறகு அது ஆளைப் பற்றியதாக மாறியது.

"தம்பி, நீ பிறப்பதற்கு முன்பே நான் முகாம் நடத்தியவன்."

"அதனால்தான் ஐயா, காலம் மாறியது உங்களுக்குத் தெரியவில்லை."

கூட்டம் மலாய்மொழியில் நடந்துகொண்டிருந்தது. சூடு ஏறியதும் இவ்விருவரும் தமிழுக்கு மாறிவிட்டார்கள். மலாய்க்கார நண்பர்களும் சீன நண்பர்களும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, தேநீர் குடித்துவிட்டு வரலாம்" என்றேன். சூட்டைத் தணிக்க அது நல்ல வழி என்று அப்போது நினைத்தேன். பெரியவர் எழுந்து, தம் கழுத்துத் துண்டைக் கழற்றி மடித்து, மேசைமேல் வைத்தார். நாங்கள் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பியபோது அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் இல்லை. அதன்பின் அவர் எந்தக் கூட்டத்திற்கும் வரவில்லை.

நட்டம் யாருக்கு? கயிறும் மூங்கிலும் கொண்டு கோபுரம் கட்டக் கற்றுக்கொடுக்க எங்கள் வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. அவருடைய படையில் இருந்த பிள்ளைகள் சில மாதங்கள் சீருடையோடு வந்து, காற்பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பினார்கள். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். பெரியவர் கோபக்காரர் என்று சிலர் சொன்னார்கள். இளைஞருக்குப் பணிவு போதாது என்று வேறு சிலர் சொன்னார்கள். என்னைக் கேட்டால் குற்றம் தலைவர் நாற்காலியில் இருந்தது. பேச்சு பொருளை விட்டு ஆளிடம் தாவிய அந்த நொடியில் நான் வாய் திறந்திருக்க வேண்டும்.

தொண்டர்களின் வாதம் ஏன் இவ்வளவு எளிதில் கொதிக்கிறது? சம்பளத்துக்கு வேலை செய்பவர், தமக்குப் பிடிக்காத முடிவு ஒன்று வந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது அதனைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். மாத இறுதியில் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். தொண்டருக்குக் கிடைக்கும் ஒரே கூலி, தாம் செய்வது சரியானது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தட்டினால் அவர் நிற்பதற்கு வேறு தளம் இல்லை. அவரைக் கட்டளையிட்டு நிறுத்தி வைக்கவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. நம்மில் ஒவ்வொருவர் மனத்திலும் இருக்கும் சாரணியம், நாம் பன்னிரண்டு வயதில் கண்ட சாரணியம். யாராவது ஒரு விதியை மாற்றலாம் என்றால், நம் பிள்ளைப் பருவத்தையே அழிக்க வருவதாகத் தோன்றிவிடுகிறது. எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு.

இஃது எங்கள் மாவட்டத்தின் குறை மட்டுமன்று. இயக்கம் பிறந்த நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாரணர் சங்கம், இயக்கத்தைக் காலத்துக்கேற்ப மாற்றுவது எப்படி என ஆராய ஒரு குழுவை அமைத்தது. 1966இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டை வந்தது. சங்கத்தின் பெயரில் இருந்த 'சிறுவர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. பத்தாக இருந்த சாரணர் விதிகள் ஏழாகச் சுருங்கின. வயதில் மூத்த இளைஞர்களுக்கான ரோவர் பிரிவு மூடப்பட்டது. அரைக்கால் சட்டைக்காக ஒருவர் இயக்கத்தை விட்டுப் போவாரா என்று நீங்கள் சிரிக்கலாம். (நம் நாட்டு வெயிலில் என் வாக்கு அரைக்கால் சட்டைக்கே.) ஆனால், பல ஆண்டுகள் உழைத்த தொண்டர்கள் சிலர் மனம் கொதித்தார்கள். 1970ஆம் ஆண்டு அவர்கள் தங்கள் கருத்துகளைக் 'கறுப்பு அறிக்கை' என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார்கள். விரும்புகிற படைகள் மட்டுமாவது பழைய முறையைத் தொடர அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். சங்கம் அதற்கு இணங்கவில்லை. அதே ஆண்டில் அவர்கள் பிரிந்து, பேடன் பவலின் பெயரிலேயே தனிச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் தொடர்கிறது.

அன்றைய மாற்றங்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பல தேவையானவை என்றே நினைக்கிறேன். ஆனால், சரியான முடிவாக இருந்தாலும், தோற்றவருக்கு உட்கார ஓர் இடம் வைக்காவிட்டால் அவர் வெளியேறத்தான் செய்வார்.

அதே நாட்டில் பிற்காலத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2013இல், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் உறுதிமொழி எடுப்பது எப்படி என்ற கேள்வி அங்கு எழுந்தது. இதைவிடக் கூர்மையான கேள்வி இருக்க முடியாது. அவர்கள் பழைய உறுதிமொழியை எடுத்தெறியவில்லை. அதனை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டுவோருக்கு மாற்று வாசகம் ஒன்றையும் சேர்த்தார்கள். நம் நாட்டில் அந்தக் கேள்வி அதே வடிவில் எழாது. நமது ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடே இறைவன்மீது நம்பிக்கை வைத்தல்தான். ஒரு நாட்டில் கொதிக்கும் கேள்வி இன்னொரு நாட்டில் கேள்வியாகவே இராது. ஆகவே, எங்கோ நடந்த சண்டையை இறக்குமதி செய்து நம் கூட்டத்தில் நடத்தவும் வேண்டாம். நம்மிடம் சொந்தச் சண்டைகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்வோம். 1909ஆம் ஆண்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பேரணிக்குச் சிறுமிகள் சிலர் சாரணர் உடையிலேயே வந்து நின்றார்கள். மறு ஆண்டு பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் தலைமையில் அவர்களுக்கெனத் தனி இயக்கம் தோன்றியது. இங்கிலாந்துச் சாரணர் சங்கமோ 1976இல் மூத்தோர் பிரிவில் மட்டும் பெண்களைச் சேர்த்தது. 1991இல், விரும்பும் படைகள் எல்லா வயதுப் பெண்களையும் சேர்க்கலாம் என்றது. 2007இல்தான் எல்லாப் படைகளுக்கும் அது பொதுவானது. ஏறத்தாழ நூறாண்டு! இவ்வளவு தாமதம் தேவையா என்று ஒரு பெண் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. மெல்லப் போவது எப்போதும் நல்லதன்று. காத்திருப்பவருக்கு அஃது அநீதியாகவும் முடியலாம். நெறியாளர் இதனையும் மறக்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம் பேசுவோம்" என்பது சில வேளைகளில் ஒரு தரப்பை அலுக்க வைத்து வெல்லும் தந்திரம்.

வேடிக்கை என்னவென்றால், வாதத்தை நடத்தும் வழி சாரண இயக்கத்திலேயே தொடக்கக் காலம் முதல் இருக்கிறது. அதனைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பெரியவர்களாகிய நாங்கள் மறந்துவிட்டோம். சாரணர் படை சிறு அணிகளாகப் பிரிந்து இயங்கும். அணித்தலைவர்கள் ஒன்றுகூடிப் படையின் காரியங்களைத் தீர்மானிக்கும் சபைக்கு மதிப்பு மன்றம் என்று பெயர். சாரண ஆசிரியரும் அதில் அமர்ந்திருப்பார். ஆனால், அவருக்கு வாக்கு இல்லை. பேடன் பவல் சாரண ஆசிரியர்களுக்காக எழுதிய கையேட்டில் இதனைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதலாம் உலகப் போரில் சாரண ஆசிரியர்கள் போர்முனைக்குப் போய்விட்டபோது, இந்த மன்றங்களே பல படைகளை நடத்தின என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்! அவர்களால் முடிந்தது நாற்பது வயதான எங்களால் முடியாமல் போனது.

பெரியவர் போன பிறகு, அந்த மன்றத்தைப் பார்த்துத்தான் நான் திருந்தத் தொடங்கினேன். கூட்டத்தை நடத்தும்போது என் கருத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் நாற்காலியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்து அமர்ந்து பேசுவேன். அணித்தலைவர்களிடம் கடைப்பிடிப்பதுபோல வயதில் இளையவரை முதலில் பேச வைத்தேன். மூத்தவர் பேசி முடித்தபின் நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அது மரியாதை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இளையவர் முதலில் பேசினால் அந்த மரியாதையும் கெடாது, கருத்தும் வெளியே வரும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது வேறொன்று. ஒருவர் மற்றவரை மறுப்பதற்கு முன்பு, அவர் சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது அதுதான்" என்று அவர் தலையசைத்த பிறகே மறுப்பு. முதல்முறை இதனைச் செய்தபோது ஒரே ஒரு பொருளுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். ஆனால், திருப்பிச் சொல்லும்போது பாதிச் சண்டை கரைந்துவிடுவதைக் கண்டேன். எதிராளி சொல்லாத ஒன்றோடுதான் நாம் பெரும்பாலும் மோதிக்கொண்டிருக்கிறோம்.

மொழியையும் கவனிக்க வேண்டியிருந்தது. தாய்மொழிக்கு மாறக் கூடாது என்று தடை போடலாமா என முதலில் யோசித்தேன். பிறகு அது சரியன்று எனத் தோன்றியது. மலாய்மொழியில் தம் மனத்தை முழுதாகச் சொல்ல வராதவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். தடை போட்டால் அவர்கள் மௌனமாகிவிடுவார்கள். இப்போது யார் எந்த மொழிக்கு மாறினாலும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து மொழிபெயர்க்க வேண்டும். கோபத்தில் சொன்ன சொல்லை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். சொன்னவரே, "அதை விட்டுவிடுங்கள்" என்பார்.

நடுநிலை என்பது முதுகெலும்பு இல்லாமல் இருப்பது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சிலவற்றில் இரண்டு பக்கம் கிடையாது. பெரியவர் ஒருவர் ஒரு மாணவனோடு தனியாக ஒரே கூடாரத்தில் தங்கலாமா என்று ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்டது. "காலம்காலமாக அப்படித்தானே செய்தோம், நம்மை நாமே சந்தேகிப்பதா?" என்று ஒருவர் வருந்தினார். அவர் வருத்தம் உண்மையானது. ஆனாலும், அதனை நான் வாக்கெடுப்புக்கு விடவில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் அது பேரம் பேசும் பொருளன்று. அங்கு நெறியாளர் இரு தரப்புக்கும் ஐந்து ஐந்து நிமிடம் ஒதுக்கினால், அதன் பெயர் நியாயமன்று, கோழைத்தனம்.

இப்போதெல்லாம் பாதி வாதம் கூட்ட அறைக்கு வருவதே இல்லை. புலனக் குழுவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் ஒரு வரி எழுதுகிறார். முகம் தெரியாது, குரல் கேட்காது. எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதினாரா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாரா என்பது படிப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. இரண்டாவது காரமான பதில் வந்ததுமே நான் குழுவில் எழுதுவதை விட்டுவிட்டு, இருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்துவிடுகிறேன். ஒருவர் செய்தியை நீக்க வேண்டிய நிலை வந்தால், நீக்கியதையும் காரணத்தையும் அவரிடமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நீக்குவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். ஒருமுறை நான் நீக்கிய செய்தியில் வசை ஏதும் இல்லை. எனக்குப் பிடிக்காத கருத்துதான் இருந்தது. ஓர் ஆசிரியை மறுநாள் காலையில் அதனைச் சுட்டிக்காட்டினார். குழுவில் மன்னிப்புக் கேட்டு, அவருடைய கருத்தை நானே மீண்டும் பதிவிட்டேன். கை நடுங்கத்தான் செய்தது.

இவ்வளவு பாடு எதற்கு, தலைவரே முடிவு செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலைவர் முடிவு செய்யலாம். ஆனால், அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து அந்த முடிவை முகாமில் நிறைவேற்றப்போவது தொண்டர்கள். தம் பேச்சு கேட்கப்பட்டது என்று தெரிந்தவர், தோற்றாலும் எழுந்து வருவார். அதே நேரத்தில், சண்டைக்காகவே வருகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பொருளை எடுத்தாலும் அவர்களுக்கு ஓர் ஆளை வீழ்த்த வேண்டும். அவர்களிடம் தனியாக ஒருமுறை, இரண்டுமுறை சொல்லிப் பார்க்கலாம். மூன்றாவது முறை கதவைக் காட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தால் அமைதியானவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள்.

கைப்பேசிப் பிரச்சினைக்கு அடுத்த ஆண்டு ஒரு முடிவு வந்தது. கைப்பேசிகளை அணிவாரியாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் பொது இடத்தில் கொடுப்பது. அணித்தலைவரின் கைப்பேசியை மட்டும், படம் எடுக்கக் கூடாது என்ற விதியோடு, எப்போதும் இயக்கத்தில் வைத்திருப்பது. மூவர் இதற்கு உடன்படவில்லை. அவர்கள் உடன்படாததற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுத வைத்தேன். முன்பெல்லாம் எங்கள் குறிப்பில் 'ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது' என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். அதில் பாதி பொய்.

அந்தக் குறிப்பின் நகலை எடுத்துக்கொண்டு பெரியவரின் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பும் ஒருமுறை போயிருந்தேன். அப்போது தேநீர் கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரம்புத்தான் மரத்தைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட்டார். இம்முறை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். உடை மாற்றும் கூடாரத்தைப் பற்றி அன்று அவர் கேட்ட கேள்வி, முதல் பத்தியிலேயே இருந்தது. தாளை மடித்து மேசைமேல் வைத்தார். கைப்பேசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பையன்களுக்குச் சதுரக் கட்டு போடத் தெரிகிறதா?" என்று கேட்டார்.

"சரியாகத் தெரியவில்லை ஐயா" என்றேன்.

அவருடைய கழுத்துத் துண்டு எங்கள் பொருளறையின் இழுப்பறையில் இன்னும் இருக்கிறது.